செங்கல் மேல் நின்ற வண்டி

பேயை நம்புகிறவன் மெக்கானிக் வேலைக்கு லாயக்கில்லை. இதை இன்றைக்குச் சொல்லவில்லை, கையில் ஸ்பேனர் பிடித்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறேன். வண்டி நின்றால் அதற்கு ஒரு காரணம் உண்டு, ஓடினால் அதற்கும் ஒரு காரணம் உண்டு, காரணம் தெரியவில்லை என்றால் பார்க்கிறவனுக்கு வேலை தெரியவில்லை என்று அர்த்தம். பம்பரில் எலுமிச்சம்பழம் கட்டுகிறவனைக்கூட, அதை ஜூஸ் போட்டுக் குடித்தாலாவது உடம்புக்கு ஆகும் என்று கிண்டல் செய்கிற ஆள் நான். அப்படிப்பட்டவன்தான் இதைச் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், சிரிப்பு வந்தால் மட்டும் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள்.

1991-ல் படப்பையில் எனக்குப் பட்டறை. இந்தப் பக்கம் ஸ்ரீபெரும்புதூர், அந்தப் பக்கம் மறைமலை நகர், நடுவில் பழைய வண்டி வாங்குகிற எவனும் என்னை அழைத்துப்போய்க் காட்டாமல் அட்வான்ஸ் கொடுக்க மாட்டான். தற்பெருமை இல்லை, விசாரித்துப் பாருங்கள். என் வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். விடிவதற்குள், சொல்லாமல் கொள்ளாமல் விற்கிறவன் வீட்டு வாசலில் போய் நிற்பேன். பானெட்டைத் திறந்து இன்ஜின் மேல் உள்ளங்கையை வைப்பேன். டீசல் வண்டியின் யோக்கியதை குளிர்ந்து கிடக்கும்போதுதான் தெரியும், சூடாகிவிட்டால் ஓட்டை இன்ஜினும் உத்தமன் மாதிரி ஒரே சுற்றில் பிடித்துக்கொள்ளும். அதனால் கள்ளன் எல்லாம் நமக்கு முன்னாலேயே எழுந்து ஸ்டார்ட் பண்ணி வைத்துவிடுவான். கை சுட்டால் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிவிடுவேன். அந்தக் கை ஒரு முறையாவது பொய் சொல்லியிருந்தால் நான் பட்டறையை மூடியிருப்பேன்.

அந்தத் தை மாதம் என் தங்கச்சி கஸ்தூரிக்காகவே வண்டி பார்க்க வேண்டி வந்தது. அவள் புருஷன் ஏழுமலை மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தான். ஷிப்ட், ஓ.டி. என்று உயிரை விட்டாலும் பர்மனென்ட் ஆக்குகிற வழியைக் காணோம். வேலையை விட்டுவிட்டு, கம்பெனி கேன்டீன்களுக்குக் காய்கறி லோடு அடிக்க ஒரு பழைய டீசல் பிக்கப் எடுக்கலாம் என்று இரண்டு பேரும் முடிவு செய்தார்கள். அதற்காக அவள் கல்யாண நகை முழுவதும் போய்விட்டது, கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான். வண்டி மக்கர் பண்ணினால் வேலையும் போச்சு, நகையும் போச்சு, அந்தக் குடும்பம் நடுத்தெருவில்.

சேரப்பணஞ்சேரியில் ஒரு பிக்கப் இருப்பதாக ஏழுமலைதான் விசாரித்து வந்தான். வண்டிக்காரர் மஞ்சள் காமாலையில் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது, அவர் சம்சாரம் சகுந்தலாம்மா விற்கிறார்கள். மறுநாளே விடியற்காலை ஐந்து மணிக்குப் போனோம். நல்ல பனி. வேப்பமரத்தடியில் வண்டி நின்றது. பானெட்டைத் தூக்கிக் கையை வைத்தேன்.

சுட்டது. கொதிக்கவில்லை, ஆனால் அரைமணி நேரத்துக்கு முன்னால் யாரோ நன்றாக ஓட்டிவிட்டு நிறுத்தின சூடு. எனக்கு வந்ததே கோபம், பொம்பளை என்றும் பார்க்கவில்லை, துக்க வீடு என்றும் பார்க்கவில்லை.

"ஏம்மா, காலங்காத்தால ஸ்டார்ட் பண்ணி சூடேத்தி வச்சிக்கினு யாருக்குமா காது குத்தற? நான் எத்தினி வண்டி பாத்தவன் தெரியுமா?"

அந்தம்மா கையில் கோலமாவுக் கிண்ணத்தோடு நிமிர்ந்து பார்த்தார்கள். "இன்னாய்யா பேசற நீ? வூட்ல ஓட்டறதுக்கு ஆம்பள யார்யா கீறாங்க? கீழ குனிஞ்சி பாரு மொதல்ல."

குனிந்து டார்ச் அடித்தேன். நான்கு பக்கமும் செங்கல் அடுக்கி, சக்கரம் தரையில் படாமல் வண்டியைத் தூக்கி நிறுத்தியிருந்தது. டயர் வீணாகிவிடும் என்று அந்த மனிதர் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் தானே அடுக்கினாராம். செங்கலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒட்டடை. பேட்டரிப் பெட்டியைத் திறந்தால் காலி.

"பேட்டரிய மைக் செட்டுக்காரன் அப்பவே தூக்கினு பூட்டான். அது இல்லாம எப்டி ஸ்டார்ட் பண்றதுன்னு நீயே சொல்லு, பெரிய மெக்கானிக்கு!"

ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு அசிங்கமாகப் போய்விட்டது. ஆனாலும் விடுவேனா? வெந்நீர் ஊற்றியிருப்பார்களோ என்று பார்த்தேன், இன்ஜின் மேல் தூசு காய்ந்து கிடந்தது. தள்ளி ஸ்டார்ட் பண்ண வழியே இல்லை, செங்கல் மேல் நிற்கிற வண்டியை எங்கே தள்ளுவது? காரணம் இல்லாமல் இருக்காது, எனக்குத்தான் இன்னும் அகப்படவில்லை என்று எண்ணிக்கொண்டு ஒரு காரியம் செய்தேன். டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் போகிற டீசல் பைப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

"இத நான் எடுத்துக்கினு போறேன்மா. நாளைக்கி பேட்டரியோட வரேன். நான் பேசினத மனசுல வச்சிக்காத."

"அந்த மனுசன் இருந்திருந்தா நீ இப்டி பேசிட்டு ரோட்டத் தாண்டியிருக்க மாட்ட" என்று சொல்லிவிட்டு அந்தம்மா கோலம் போடக் குனிந்துவிட்டார்கள்.

அன்றைக்கு ராத்திரி அந்தப் பைப் என் தலைமாட்டில்தான் இருந்தது. பைப் இல்லாமல் ஒரு சொட்டு டீசல்கூட இன்ஜினுக்குப் போகாது, இது மெக்கானிக் சத்தியம். மறுநாள் கஸ்தூரியும் கூட வந்தாள். ஏழுமலையையும் அவளையும் தெருமுனையிலேயே நிற்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் முன்னால் போய்ப் பானெட்டைத் தூக்கினேன். தகரம் பனியில் சில்லென்று இருந்தது, கையெல்லாம் ஈரம். இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்தேன். அதே சூடு. கையை எடுத்துவிட்டு இடது கையை வைத்துப் பார்த்தேன், அதற்கும் அதே சூடு. அத்தனை வருஷத்தில் முதல் முறையாக, ஒரு வண்டியை விட்டு இரண்டு அடி பின்னால் நகர்ந்து நின்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

யாரிடமும் மூச்சு விடவில்லை. ஏழுமலையைக் கூப்பிட்டு, இருவருமாகச் செங்கல்லை எடுத்து, டயருக்குக் காற்று அடித்து, என் பேட்டரியை மாட்டினோம். பைப்பைப் பூட்டினேன். இப்படிக் கழற்றி மாட்டினால் உள்ளே காற்று புகுந்துவிடும், அதை எடுக்கக் கை வலிக்க வலிக்க அரைமணி நேரம் பம்ப் அடிக்க வேண்டும். முதல் அழுத்துக்கே டீசல் கண்ணாடி மாதிரி வந்தது, ஒரு குமிழி கிடையாது. செல்ப் அடித்தேன், சுற்றக்கூட இல்லை, பிடித்துக்கொண்டது. கறும்புகை இல்லை. ஸ்க்ரூ டிரைவரை இன்ஜினில் ஊன்றிக் காதில் வைத்துக் கேட்டேன், தட்டல் இல்லை. ஒரகடம் கூட்ரோடு வரை விரட்டினேன், கிளட்ச், பிரேக், ஸ்டியரிங் எல்லாம் வெண்ணெய். சேஸிஸில் ஒட்டுப்போட்ட வெல்டிங் ஒன்றுகூடக் கிடையாது. இந்தக் கையால் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு வண்டியை நான் தொட்டதில்லை.

ஆனாலும் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தெரியாத வண்டியைக்கூட ஊரானுக்கு நான் சிபாரிசு செய்ததில்லை, கூடப் பிறந்தவளுக்கா செய்வேன்? வாசலில் இறங்கினதும் கஸ்தூரி எதிரில் வந்து நின்றாள்.

"அண்ணா, அவரு இன்னா சொன்னாலும் எனக்குத் தேவையில்ல. நீ உன் வாயால சொல்லு. எடுக்கலாமா?"

வேணாம் பாப்பா, வேற பாக்கலாம். இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கற்பூரம் அணைத்துச் சொல்வேன், இதுதான் நாக்கு நுனியில் இருந்தது.

"தாராளமா எடுத்துக்கினு போம்மா. வழியில நிக்காது."

என் வாய்தான், என் தொண்டைதான். ஆனால் நான் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து அவளைப் பாப்பா என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. குரலும் என்னுடையது இல்லை, கொஞ்சம் கட்டையாக, பீடி குடித்துக் கரகரத்த குரல். நான் பீடியைத் தொட்டதில்லை.

வீட்டுக்குள்ளே பாத்திரம் விழுந்த சத்தம். சகுந்தலாம்மா ஈரக்கையோடு வாசலுக்கு ஓடி வந்தார்கள். எங்களைப் பார்க்கவில்லை, நேராக வண்டியைப் பார்த்தார்கள், டிரைவர் பக்கக் கதவைப் பார்த்தார்கள், அப்புறம்தான் எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

"இப்போ பேசினது யாரு?"

"எங்க அண்ணன்தாங்க" என்றாள் கஸ்தூரி, சந்தோஷத்தில் கண் கலங்கிக்கொண்டு.

அந்தம்மா என் முகத்தையே பார்த்தார்கள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனவர்கள்தான், சாவியையும் ஆர்.சி. புத்தகத்தையும் ஜன்னல் வழியாகவே கொடுத்தார்கள். பேரம்கூடப் பேசவில்லை. மறுத்துச் சொல்ல மறுபடி வாயைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை, திறந்தால் பேசப்போவது யாரோ?

அதன் பிறகு அந்த இன்ஜின் எல்லா வண்டியையும் போலத்தான், காலையில் கல் மாதிரி குளிர்ந்து கிடக்கும். பதினேழு வருஷம் ஓடியது. நடு ரோட்டில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட நின்றதில்லை. செம்பரம்பாக்கம் பக்கம் மழைத் தண்ணீரில் பெரிய லாரிகள் எல்லாம் நின்றபோதும் அது வந்துவிட்டது. அந்த ஒரு வண்டி நாலு வண்டி ஆனது, கஸ்தூரி கழுத்து நிறைந்தது, இரண்டு பெண்களையும் இன்ஜினியரிங் படிக்க வைத்தாள். எந்த விசேஷத்துக்குப் போனாலும், எங்க அண்ணன் ஒரு வார்த்தை சொன்னார், அந்த வார்த்தையால்தான் இன்று இப்படி இருக்கிறோம் என்று என்னை எல்லோருக்கும் காட்டுகிறாள். நானும் மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பெருமைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். வாழ்நாளில் நான் கொடுத்த சிபாரிசுகளிலேயே அதற்கு ஈடு கிடையாது.

இன்றைக்கும் பழைய வண்டி பார்க்க என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். போவேன், கையை வைப்பேன், ஓட்டிப் பார்ப்பேன். கடைசியில் எடுக்கலாமா வேண்டாமா என்று கேட்கும்போது மட்டும் வாயைத் திறக்க மாட்டேன், சட்டைப்பையிலிருந்து துண்டுச் சீட்டை எடுத்து எழுதிக் கொடுத்துவிடுவேன். அண்ணனோட ஸ்டைலே தனி என்று பையன்கள் சிரிப்பார்கள். கையெழுத்து என்னுடையதுதானா என்று ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் சீட்டை நீட்டுவேன்.