மெஜாரிட்டி இல்லாத புல்தரை

சென்ற வசந்தத்தில் ஒரு காலை, மகளை டேகேரில் விடுவதற்காக எங்கள் பேஸ்மென்ட் வீட்டின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து வெளியே வந்தேன். பனி உருகி இன்னும் சொதசொதவென்று கிடந்த முன்புறப் புல்தரையில் மூன்று தேர்தல் பலகைகள் நின்றன. ஒன்று நீலம், ஒன்று சிவப்பு, ஒன்று ஆரஞ்சு. சொத்துத் தகராறில் பேச்சு நின்றுபோன பங்காளிகள் ஒரே கல்யாணத்துக்கு வந்துவிட்டதுபோல, ஒன்றையொன்று பார்க்காமல் மூன்றும் தெருவைப் பார்த்து நின்றன. நாயோடு நடந்துவந்த எதிர்வீட்டு வெள்ளைக்காரர் நின்று, உங்கள் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறீர்களா என்று ரொம்ப அக்கறையாகக் கேட்டார். மகளுக்குக் கொஞ்சம் சளி, மற்றபடி நலம் என்றேன். அவர் என்னையும் பலகைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “ஒட்டாவா மாதிரியேதான். உங்கள் புல்தரைக்கும் மெஜாரிட்டி இல்லை” என்றார். அவர் சிரிக்கிறாரே என்று நானும் சிரித்து வைத்தேன். அவர் சொன்னதன் அர்த்தம் பஸ்ஸில் பாதி தூரம் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஊரில் இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கனடாவில் ஒரு வீட்டுக்காரர் தன் புல்தரையில் ஒரு கட்சியின் பலகையை ஊன்றவிட்டால், என் ஓட்டு இவர்களுக்கே என்று தெருவுக்கே சொல்கிறார் என்று பொருள். ஒரு வீட்டுக்கு ஒரு நிறம். நீலப் பலகை மேல்மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்காரர் ஞானசேகரன் மாமா வைத்தது. மற்ற இரண்டும் என்னால் வந்தவை. முதலில் ஆரஞ்சுக் கட்சிக்காக நரைத்த முடியோடு ஒரு அம்மாள் வந்தார். உங்கள் ஆதரவை நம்பலாமா என்று கேட்டார். நம்பலாமே என்றேன். பலகை வைக்கலாமா என்றார். அதற்கென்ன என்றேன். மறுநாள் சிவப்புக் கட்சிக்காக நெட்டையாக ஒரு பையன் வந்தான். மழையில் நனைந்திருந்தான். அவனிடமும் அதையே சொன்னேன். இரண்டு பேரும் சொன்னபடி வந்து ஊன்றிவிட்டுப் போய்விட்டார்கள்.

நான் அவர்களை ஏமாற்றவில்லை. நான் வளர்ந்தது கடலூர் செம்மண்டலத்தில். எங்கள் அப்பா செம்மங்குப்பம் கெமிக்கல் கம்பெனிகளில் காண்ட்ராக்ட் எலெக்ட்ரீஷியன். தேர்தல் நேரத்தில் எந்தக் கட்சி வந்து கும்பிட்டாலும் அவரும் எழுந்து நின்று கும்பிட்டு, “உங்களுக்குத்தாங்க, வேற யாருக்குப் போடப் போறோம்” என்பார். கை சின்னமோ, காய்கறிச் சின்னமோ, எல்லோருக்கும் அதே பதில். கேட்டவருக்கும் அது உபசார வார்த்தை என்று தெரியும். வெயிலில் வாசல்வரை வந்து கேட்பவரை முகத்தில் அடித்தாற்போல இல்லை என்று அனுப்பக் கூடாது, அவ்வளவுதான். எங்கள் காம்பவுண்டுச் சுவரில் ஒரு கட்சி வெள்ளையடித்து எழுதிவிட்டுப் போகும். எங்களை யாரும் கேட்டதில்லை. அப்படி எழுதியிருப்பதால் நாங்கள் அந்தக் கட்சி என்று எந்தப் பைத்தியமும் நினைத்ததில்லை. இந்த நாட்டிலோ வாயால் சொன்னதை அப்படியே நம்பி, கம்பியும் சுத்தியலுமாக வந்துவிடுகிறார்கள்.

எதிர்வீட்டுக்காரர் சொன்ன மெஜாரிட்டி விஷயத்துக்கு வருகிறேன். இங்கே சில வருடங்களாக எந்தக் கட்சிக்கும் தலைநகர் ஒட்டாவாவில் இருக்கும் பாராளுமன்றத்தில் பாதி இடம் கிடைப்பதில்லை. பெரிய கட்சி, இப்போது சிவப்பு, ஆட்சி செய்யும். ஆனால் பட்ஜெட் நிறைவேற வேண்டுமானால் வேறு யாராவது கை தூக்க வேண்டும். தூக்காவிட்டால் அரசு விழுந்துவிடும். நம்மூரில் இப்படி ஒரு நிலைமை வந்தால் எம்எல்ஏக்களை பஸ்ஸில் ஏற்றி ரிசார்ட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மந்திரி பதவியில்தான் பேரம் ஆரம்பிக்கும். இங்கேயும் பேரம் உண்டு, இவர்கள் ஒன்றும் உத்தமர்கள் இல்லை. ஆனால் இங்கே ஒரு சின்னக் கட்சி, அந்த ஆரஞ்சுதான், எங்கள் ஓட்டு வேண்டுமானால் ஏழைகளின் பல் வைத்தியத்துக்குப் பணம் ஒதுக்கு என்று கேட்டு வாங்கியது. அதை முதலில் செய்தியில் கேட்டபோது நான் நம்பவில்லை. ஒரு அரசாங்கத்தின் உயிர் பல்லில் தொங்குவதை நான் அதற்குமுன் கேள்விப்பட்டதில்லை.

டேகேர் கட்டணத்தைக் குறைக்கும் பணமும் அப்படி மெஜாரிட்டி இல்லாத காலத்தில் வந்ததுதான். நான் சிவில் டிப்ளமோ படித்தவள். சாலை போடும் இடங்களில் மண் எடுத்துவந்து லேபில் சோதிப்பது என் வேலை. மகள் பிறந்த பிறகு, டேகேருக்குக் கொடுப்பதும் என் சம்பளமும் ஒன்றாக இருந்ததால் வீட்டோடு இருந்தேன். பேஸ்மென்டில் ஜன்னல் மேலே கூரையை ஒட்டி இருக்கும். வெளியே அது புல் மட்டத்தில் இருக்கும். அதன் வழியாகத் தெருவில் போகிறவர்களின் கணுக்கால்கள் மட்டும் தெரியும். இரண்டு குளிர்காலம் கணுக்கால் பார்த்தே கழிந்தது. என் கணவர் ரவி கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு வந்து, சும்மாதானே இருக்கிறாய் என்று ஒருநாள் சாதாரணமாகச் சொன்னபோது நான் தட்டை நகர்த்திவிட்டு அழுதேன். கட்டணம் குறைந்து, காத்திருந்து, மகளுக்கு இடம் கிடைத்த அன்று வேலைக்குப் போடும் பூட்ஸைத் துடைத்து வாசலில் வைத்தேன். அந்த பூட்ஸைப் பார்த்து வந்த சந்தோஷம் கனடா பாஸ்போர்ட்டைப் பார்த்துக்கூட வந்ததில்லை.

பலகைகள் முளைத்த அன்று மாலை மாமா எங்களை மேலே கூப்பிட்டார். அவருக்குச் சொந்த ஊர் கம்மாபுரம். உறவுக்காரர் இல்லை, ஆனால் இந்த ஊரில் எங்களுக்கு அவரைவிட்டால் யாரும் இல்லை. வந்த புதிதில் எங்களை நம்பி யாரும் வீடு கொடுக்காதபோது கொடுத்தவர். எனக்கு வலி எடுத்தபோது கொட்டும் பனியில் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போனவர். அதனால் அவர் கோபமாக இருப்பது தெரிந்ததும் நாற்காலியின் விளிம்பில்தான் உட்கார்ந்தேன். அத்தை காபியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

“இன்னாம்மா ஸ்டெல்லா, வாசல சந்தக்கட மாதிரி ஆக்கி வச்சிருக்க” என்று ஆரம்பித்தார். அந்த இரண்டையும் உடனே பிடுங்க வேண்டும் என்றார். நான் பிடுங்கிவிடுகிறேன் மாமா, கேட்காமல் வைத்தது தப்புதான் என்றேன். அதோடு முடிந்திருக்கும். அவர் விடவில்லை.

“ஊர்ல ஓசி மிக்ஸி, ஓசி ஃபேன்னு குடுத்து ஜனங்கள சோம்பேறி ஆக்குனாங்க. அது வாணாம்னுதான் இங்க வந்தோம். இங்கயும் டேகேரு, பல்லு, அது இதுன்னு ஓசிதான் ஜாஸ்தி. எல்லாம் என் வரிப் பணம். நீ அவுங்களுக்கே போர்டு வைக்கிற, அதும் என் வீட்டு வாசல்ல.”

ரவி என் முழங்கையைத் தொட்டார். அவருக்கு ஊர் சிதம்பரம், அதிர்ந்து பேசாத குடும்பம். விடு ஸ்டெல்லா, மாமா சொல்வதில் என்ன தப்பு என்றார். எனக்குச் சுருக்கென்றது. இந்த ‘ஓசி’யை நான் எத்தனை வருடமாகக் கேட்கிறேன். ப்ளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போனபோது, ஓசி சைக்கிள் என்று கூப்பிட்டுச் சிரித்த தெரு எங்களுடையது. அந்த சைக்கிள் இல்லையென்றால் நான் டிப்ளமோ வாசலை மிதித்திருக்க மாட்டேன். ஊரிலிருந்து படித்த நண்பர்கள் இலவசங்களைத் திட்டி வாட்ஸப்பில் அனுப்பும் செய்திகளையும் பதில் சொல்லாமல் நகர்த்திக்கொண்டே வந்தவள்தான் நான். அன்றைக்கு முடியவில்லை.

“டேகேர் ஓசி இல்ல மாமா. கொறச்சலா கட்றேன். அதனால வேலைக்குப் போறேன், வேலைக்குப் போறதால நானும் வரி கட்றேன். நீங்க கவர்மென்ட் காலேஜ்ல இன்ஜினியரிங் படிச்சீங்களே, அது ஓசி இல்லயா?”

“அது மெரிட்டும்மா. மார்க் எடுத்தேன், சீட்டு குடுத்தான்.”

“மார்க்குக்கு சீட்டு குடுத்தாங்க. செலவ யாரு குடுத்தா? எங்கப்பா குடுத்தாரு. செம்மங்குப்பத்துல ஒயரிங் வேல பாத்துட்டு வந்து, வாங்குன சோப்புலயும் தீப்பெட்டிலயும் வரி கட்டி குடுத்தாரு. கம்மாபுரத்துல நீங்க இருக்கறதே அவருக்குத் தெரியாது. இருந்தும் குடுத்தாரு. அதையே நீங்க என் பொண்ணுக்குக் குடுத்தா மட்டும் எப்படி மாமா ஓசியாவுது?”

அவர் முகம் சுண்டிவிட்டது. காபியை எடுத்தவர் குடிக்காமல் வைத்தார். இப்படிப் பேசுகிறவர்கள் வேறு வீடு பார்த்துக்கொள்ளலாம் என்று என்னைப் பார்க்காமல் ரவியிடம் சொன்னார். ரவி பயந்துபோய் எழுந்து நின்றார். எனக்கும் பயம்தான், அதை மறைக்க விரும்பவில்லை. இந்த வாடகைக்கு இன்னொரு இடம் டேகேருக்கு நடக்கிற தூரத்தில் கிடைக்காது. வீடு போனால் டேகேர் போகும், டேகேர் போனால் வேலை போகும், மறுபடியும் கணுக்கால்கள்தான். ஆனாலும் வாய் நிற்கவில்லை.

“வீட்ட காலி பண்ணச் சொன்னா பண்றேன் மாமா. ஓட்டு என்னுது.”

கீழே வந்ததும் இரண்டு பலகைகளையும் பிடுங்கினேன். அவருடைய புல், அவருடைய மண், நியாயம் அவர் பக்கம். ஆனால் வாடகை கொடுக்கிற ஜன்னல் எங்களுடையது. லேபிலிருந்து கொண்டுவந்த அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து, தடித்த பேனாவால் எழுதி, கண்ணாடியில் வெளியே தெரியும்படி ஒட்டினேன். ‘இந்த ஜன்னலுக்கு ஒரு ஓட்டு உண்டு.’ எந்தக் கட்சியின் பெயரும் இல்லை. எந்தக் கட்சிக்கும் என் ஜன்னலைத் தூக்கிக் கொடுக்கிற உத்தேசம் எனக்குக் கிடையாது. தேர்தல் முடிந்தால் எல்லா நிறமும் சிக்கனம் பேசும். தமிழில்தான் எழுதினேன். அந்தத் தெருவில் அதைப் படிக்க வேண்டியவர் ஒரே ஒருவர்தான். பலகையைத் திரும்ப வாங்க வந்த நரைமுடி அம்மாள், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு நீங்கள் தரும் ஆதரவுக்கு நன்றி என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை. செம்மண்டலத்துப் பழக்கம் ஒரே நாளில் போய்விடுமா.

சிதம்பரத்திலிருந்து மாமியார் கூப்பிட்டு, வீட்டுக்காரரை எதற்குப் பகைத்துக்கொள்கிறாய், அட்டையை எடுத்துவிடு என்று கெஞ்சினார். ரவியும் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. நான் எடுக்கவில்லை.

ஓட்டுப் போடும் நாளன்று மழை. ரவிக்கு ஷிஃப்ட்; அவருக்கு இன்னும் குடியுரிமை வராததால் ஓட்டும் இல்லை. குடையோடு நான் கிளம்பியபோது மாமாவின் கார் பக்கத்தில் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கி, “ஏறும்மா. ஓட்டுப் போடப் போறவள மழைல நடக்கவுட்டேன்னு தெரிஞ்சா கம்மாபுரத்துல என்னைய காறித் துப்புவாங்க” என்றார். ஏறினேன். அவருடைய ஓட்டை அடித்துப்போடுகிற ஓட்டைத்தான் கூட்டிக்கொண்டு போகிறார் என்று அவருக்கும் தெரியும். ஓட்டுச்சாவடி இருந்த பள்ளிக்கூடத்து வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினார்.

உள்ளே ஒரு தாளும் சின்னப் பென்சிலும் கொடுத்தார்கள். பென்சில்! பொத்தான் இல்லை, பீப் சத்தம் இல்லை, மை இல்லை. கல்யாணமான புதிதில், செம்மண்டலத்துப் பட்டியலில்தான் என் பெயர் இருக்கிறது என்று, சிதம்பரத்திலிருந்து காலை முதல் பஸ் பிடித்துக் கடலூர் போய் ஓட்டுப் போட்டு வந்தேன். இவ்வளவு தூரம் போய் ஒரு ஓட்டா என்று சிதம்பரத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நகம் வளர்ந்து மை மறைகிறவரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே வெளியே வந்ததும் அனிச்சையாக விரலைப் பார்த்தேன். வெறும் விரல்.

இம்முறையும் யாருக்கும் மெஜாரிட்டி இல்லை. வீடு காலி செய்வதைப் பற்றி மாமா அதற்கப்புறம் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. வேறு வீடு பார்க்கவும் இல்லை.

இலையுதிர்காலத்தில் அப்பா போன் செய்தார். வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க வீடு வீடாக வந்தார்களாம். பெண் எங்கே என்று கேட்டார்களாம். “கனடாக்காரி ஆயிட்டான்னு சொல்லிட்டேம்மா. உன் பேர எடுத்துடுவாங்களாம்” என்றார். சட்டப்படி சரிதான், வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவளுக்கு இந்தியாவில் ஓட்டுக் கிடையாது. ஆனாலும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வாசலுக்கு வந்து கேட்டவர்களிடம் எங்கள் அப்பா முதல்முறையாக உண்மையைச் சொல்லியிருக்கிறார். நம் காம்பவுண்டுச் சுவரில் இப்போது யார் எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டேன். புதிதாக வெள்ளையடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள், இன்னும் எழுதவில்லை என்றார்.

அந்த மாதமே ஒட்டாவாவில் பட்ஜெட் ஓட்டெடுப்புக்கு வந்தது. மண் சோதித்த பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே லேபில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மயிரிழையில் அரசு பிழைத்தது. அடுத்த பட்ஜெட்வரை டேகேர் இருக்கும் என்றுதான் என் மனதில் ஓடியது. அதற்கடுத்த பட்ஜெட்டில் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அப்போதும் எனக்கு ஒரு பென்சில் இருக்கும்.

சில நாளில் பனி கொட்டியது. காலையில் எழுந்தபோது பேஸ்மென்ட் இருட்டாக இருந்தது; பனி ஜன்னலை மூடியிருந்தது. வெளியே மண்வாரி உரசும் சத்தம் கேட்டது. மாமா கார்ப்பாதையை விட்டுவிட்டு முதலில் எங்கள் ஜன்னல் பக்கம் வந்திருந்தார். கண்ணாடியில் மேலிருந்து வெளிச்சம் விழ ஆரம்பித்தது. முதலில் அட்டையின் விளிம்பு தெரிந்தது, பிறகு எழுத்துகள் உள்பக்கத்திலிருந்து இடவலம் மாறிய நிழலாகத் தெரிந்தன, கடைசியாக அவருடைய பூட்ஸ். பனியை வழித்து முடித்ததும் அவர் குனிந்தார். முழங்காலில் கை ஊன்றி அதைப் படித்தார். எத்தனையாவது முறையோ. நான் உள்ளே, மண்ணுக்குக் கீழே, கையில் மகளின் பால் தம்ளரோடு அவரைப் பார்த்தபடி நின்றேன். அட்டையை எடுக்கச் சொல்லி அவர் கண்ணாடியைத் தட்டவில்லை. நான் எடுக்கவும் இல்லை.