அப்பாவை மாமா என்று கூப்பிட்ட வருடம்

எனக்குப் பத்து வயது நடந்தபோது சாலை பஜாருக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். தொண்ணூறுகளின் கடைசி. அப்பாவும் அம்மாவும் தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகத் திருவனந்தபுரம் வந்தவர்கள். அம்மா மொத்த வியாபாரக் கடையொன்றில் மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளினாள். அப்பா கொத்தனார். அந்த வருடம் வித்துராவில் ஒரு கட்டட வேலை கிடைத்து, அங்கேயே தங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்.

பள்ளிக்கூடம் நாலு மணிக்கு விடும். அம்மா வர ஆறரை ஆகும். நடுவில் நான் போகும் இடம் அங்கன்வாடிக் கட்டடம். சின்னப் பிள்ளைகள் போனபிறகு அங்கே அரசாங்கம் ஒரு சாயங்கால சென்டர் நடத்தியது. வீட்டுப்பாடம் சொல்லித்தர ஒரு டீச்சர் இருந்தார். வேகவைத்த சிறுபயறும் வாழைப்பழமும் கிடைக்கும். மாதம் ஒருமுறை டாக்டர் வந்து நாக்கை நீட்டச் சொல்வார். ஏழைப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்கான இடம் அது என்று எனக்குத் தெரியாது. வீடு பூட்டிக் கிடக்கும் பிள்ளைகளுக்கானது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் ஆபீஸிலிருந்து ஒரு மேடம் ஃபைலோடு வந்தார். எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விவரம் கேட்டார். என் முறை வந்தது.

"மோளே, அச்சன் எவிடே?"

"அச்சன் இல்ல" என்றேன். புதன்கிழமை, அப்பா வீட்டில் இல்லை.

அவர் பேனாவை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். "எத்ர நாளாயி?"

"ஓணம் கழிஞ்ஞு போயி." ஓணம் முடிந்துதான் அப்பா வித்துராவுக்குப் போனார்.

மேடம் என் தலையைத் தடவிக்கொடுத்தார். என் மலையாளம் அவருக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துச் சந்தோஷமாக எழுந்து வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து சென்டரில் நான்கு பிள்ளைகளுக்கு மட்டும் புதுக் குடையும் பையும் யூனிஃபார்ம் துணியும் கொடுத்தார்கள். அந்த நான்கில் நானும் ஒருத்தி. எதற்கென்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. கூடவே ஒரு ஃபாரம், அம்மா கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். அம்மாவுக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது.

"என்னட்டி எழுதிருக்கு, வாசி" என்றாள்.

நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். என் பெயர், வயது, வகுப்பு. அதற்கடுத்து, பிதாவு: உபேக்ஷிச்சு போயி.

"அப்படின்னா?"

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பாடப்புத்தகத்தில் ஒரு கதையில் அந்த வார்த்தை வந்திருந்தது. "விட்டுட்டுப் போயிட்டாருன்னு அர்த்தம்" என்றேன்.

அம்மா காகிதத்தை வாங்கித் தனக்கு வாசிக்கத் தெரியாத அந்த வரியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ என்ன சொன்ன?" என்று கேட்டாள். சொன்னதைச் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. மறுநாள் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, திருத்திக்கொண்டு வருகிறேன் என்று சென்டருக்குப் போனாள். திரும்பி வந்தபோது முகம் ஒரு மாதிரியாக இருந்தது. திருத்தியாச்சா என்று கேட்டேன்.

"அந்த டீச்சர் என் கையப் புடிச்சிக்கிட்டு அழுதா" என்றாள். திருத்தவில்லை என்று மட்டும் புரிந்தது. டீச்சர் அழுததால் சொல்ல வாய் வரவில்லையா, குடையையும் துணியையும் திருப்பிக் கேட்பார்கள் என்று பயந்தாளா, எனக்குத் தெரியவில்லை.

துலாம் மாதத்தில், நம் ஐப்பசி மழையில், வித்துராவில் வேலை நின்றுபோனது. அப்பா ஒரு செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டார். மறுநாள் சாயங்காலம் அந்த மேடம் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து நின்றார். அம்மாவும் மழையால் சீக்கிரம் வந்திருந்தாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தார். மேடம் அவரைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"இது ஆராணு?"

"எங்க அண்ணன்" என்றாள் அம்மா.

அப்பா எழுந்து மேடத்துக்கு வணக்கம் சொன்னார். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் வெளியே போனார். மேடம் வெகுநேரம் அம்மாவிடம் தைரியமாக இருக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா திரும்பி வந்ததும், "அண்ணனா?" என்று மட்டும் கேட்டார். அம்மா அடுப்பைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னாள். சண்டை வரும் என்று காத்திருந்தேன். அப்பா என்னைப் பார்த்து, "அப்ப நீ என்னைய வெளிய மாமான்னு கூப்பிடணும். மறந்துராத" என்றார். அது கோபமா விளையாட்டா என்று பிடிபடவில்லை.

அப்படியே கூப்பிட்டேன். வீட்டுக்குள் அப்பா, தெருமுனை தாண்டினால் மாமா. சில நாள் வீட்டுக்குள்ளும் மாமா என்று வந்துவிடும். அப்பா "ம்" என்பார்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் அப்பாவோடு நின்றுகொண்டிருந்தேன். டீச்சர் எதிரே வந்தார். "மாமா" என்று அப்பாவைக் காட்டினேன். டீச்சர் சிரித்தார். அப்பாவிடம் தமிழும் மலையாளமுமாகச் சொன்னார்.

"மோள் நல்லா படிக்கும். கணக்கில ஃபர்ஸ்ட். இவளுடெ அச்சனோட பறயணும், கேட்டோ?"

"சொல்லிடுதேன் டீச்சர்" என்றார் அப்பா.

விட்டுப்போன ஒருவரிடம் எதற்காகச் சொல்லச் சொல்கிறார்? அப்படியானால் டீச்சருக்குத் தெரியுமா? தெரிந்தால் ஏன் எழுதியதை அடிக்கவில்லை? பஸ்ஸில் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். இரண்டு ஸ்டாப் தாண்டியபிறகு அவர் என் பக்கம் குனிந்து, "நீ கணக்குல ஃபர்ஸ்ட்டாமே, டீச்சர் சொல்லி அனுப்பினாவ" என்றார்.

ஜூன் மாதம் ஃபாரத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அம்மா கிளம்பினாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, "நான் போறேன்" என்றார். "நீங்க எதுக்கு?" என்று அம்மா கேட்டாள். "கையெழுத்துப் போடத்தான்" என்றார்.

நானும் அப்பாவோடு போனேன். சென்டரில் டீச்சர் தனியாக இருந்தார். அப்பா மேசைக்கு முன்னால் நின்று, வேலைத்தளத்தில் கற்ற மலையாளத்தில், "ஞான் இவளுடெ அச்சன்" என்றார்.

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். "அறியாம்" என்றார். தெரியும் என்று. பிறகு, "திரிச்சு வந்நல்லோ, அது மதி" என்றார். திரும்பி வந்துவிட்டீர்களே, அது போதும் என்று.

டீச்சர் ரிஜிஸ்டரைத் திறந்து பழைய வரிக்குப் பக்கத்தில் எழுதியதை நான் தலைகீழாக வாசித்தேன். பிதாவு மடங்கி வந்நு. எங்கேயும் போகாத அப்பா, திரும்பி வந்ததாக அதன் கீழே தமிழில் கையெழுத்துப் போட்டார்.

அதோடு தனிச் சலுகைகள் நின்றன. சென்டருக்கு நான் தொடர்ந்து போகலாம் என்றார்கள். அடுத்த மாதம் பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் அப்பாவை எழுந்து நிற்கச் சொன்னார். இவர் குடும்பத்துக்குத் திரும்பி வந்தவர், யாரும் நம்பிக்கையை விட்டுவிட வேண்டாம் என்றார். பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். கூட்டம் முடிந்ததும் ஒரு பெண் எங்களிடம் வந்தார். அவருடைய மகனும் குடை வாங்கிய நான்கு பேரில் ஒருவன். என்ன நினைத்துத் திரும்பி வந்தீர்கள் என்று அப்பாவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"பிள்ளைய நெனச்சு" என்றார் அப்பா.

அந்தப் பெண் தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

வெளியே வந்ததும் அம்மா, "எதுக்கு அப்படிச் சொன்னிய? அவ வீட்டுக்காரன் வருவான்னு உக்காந்திருக்கப் போறா" என்றாள்.

"வேற என்னத்தச் சொல்லச் சொல்லுத?" என்றார் அப்பா.

ஏழாம் வகுப்பு முடியும்வரை அந்த சென்டருக்குப் போனேன். டீச்சரிடம் கேட்டுவிட வேண்டும் என்று பலமுறை நினைத்தும் கேட்கவில்லை. "அறியாம்" என்று அவர் சொன்னது எதைத் தெரியும் என்று? எங்கள் பொய்யையா, அல்லது அவரே நம்பியிருந்த கதையையா? டீச்சர் கையைப் பிடித்து அழுத அன்று அவரிடம் என்ன சொன்னாய் என்று அம்மாவிடம் பிற்பாடு கேட்டபோது, டீச்சர் கை முழுக்க சாக்பீஸ் பொடி அப்பியிருந்ததுதான் நினைவிருக்கிறது என்றாள்.