ஐம்பத்தைந்து கிராம்

மாவுக்கட்டைப் பிரித்த அன்று மாலையே பியானோ முன் உட்கார்ந்துவிட்டேன். துடியலூரில் ஸ்கூட்டியோடு சறுக்கி விழுந்து, வலது மணிக்கட்டு ஒடிந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. மற்ற விரல்கள் எப்படியோ சமாளித்தன. சுண்டுவிரலும் மோதிர விரலும் கட்டையை அழுத்தினால் பாதிதான் இறங்கின, சத்தமே வரவில்லை. பதினைந்து வருடமாகக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற கை அது. இனி வாசிக்கவே முடியாது என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றிவிட்டது.

பியானோவை விற்றுவிடலாம் என்று கணவரிடம் சொன்னேன். கோபம் வந்தால் நான் எதையாவது விற்கச் சொல்வேன்; அவரையே பலமுறை விற்றிருக்கிறேன்.

அவர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார், பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிறார். சங்கீதம் என்றால் எந்தப் பக்கம் என்று கேட்கிற ஆள். அன்று ஒரே கேள்விதான் கேட்டார், பிரச்சினை விரலிலா கட்டையிலா என்று. இரண்டிலும்தான் என்று எரிந்து விழுந்தேன்.

"அப்பக் கட்டைய நான் பாத்துக்கறேன் அம்மணி. விரல அப்பறம் பாக்கலாம்."

துளை கிளை போட்டால் தொலைத்துவிடுவேன் என்று மிரட்டித்தான் சம்மதித்தேன். கோட்டைமேட்டில் தராசு பழுது பார்க்கிற நண்பர் ஒருவரிடம் சின்னச் சின்ன பித்தளை எடைக்கற்கள் வாங்கி வந்தார். கட்டையின் நுனியில் ஒவ்வொரு கல்லாக வைத்து, எத்தனை கிராமில் அது மெல்ல இறங்குகிறது என்று பார்த்து நோட்டில் எழுதினார். தந்திகளை அடக்கும் தக்கைகளின் கனம் கணக்கில் சேராமலிருக்க, அளக்கும்போது வலது பெடலை நான் மிதித்தபடியே இருக்க வேண்டும். எண்பத்தெட்டுக் கட்டை முடிவதற்குள் என் கால் மரத்துப்போனது. சில கட்டைகள் அறுபது கிராமில் இறங்கின, சில எண்பதைக் கேட்டன. பிறகு சமையலறைத் தராசைக் கொண்டுவந்து என் சுண்டுவிரலால் அழுத்தச் சொன்னார். நாற்பது கிராமைத் தாண்டியதும் விரல் நடுங்கியது. அதையும் எழுதிக்கொண்டார்.

மூடிப் பலகையைக் கழற்றி, வெளியே தெரியாத இடத்தில், கட்டைகளின் முன்பாதி மேல் ஈயத் துண்டுகளை டேப் வைத்து ஒட்டினார். ஈயத்தின் கனமும் சேர்ந்து அழுத்துவதால் விரல் அழுத்த வேண்டியது குறையும். மூன்று நாளில் எல்லாம் நாற்பதுக்கு வந்துவிட்டன. அரை கிராம்கூடப் பிசகவில்லை. பட்டறைக்காரருக்கு வேறென்ன வேண்டும், முகத்தில் அப்படி ஒரு பெருமை.

நான்காம் நாள் பாடத்துக்கு வந்த சிறுமி ஒரே சுரத்தை நாலு முறை தட்டினாள். முதல் முறைதான் கேட்டது.

"மிஸ், அமுக்குனா உள்ளயே நின்னுக்குதுங்க மிஸ்."

அவர் கட்டை இறங்குவதை மட்டும் அளந்திருக்கிறார், எழும்புவதை அளக்கவில்லை. வால்பாறை எஸ்டேட் பங்களாவில் வருடக்கணக்காக மலை ஈரத்தில் நின்ற பியானோ அது. கட்டைகளைத் தாங்கும் ஊசிகளில் துரு, ஊசி நுழையும் துளைகளில் கம்பளித்துணி இறுகிக் கிடந்தது. அந்த இறுக்கத்தை எடுக்காமல் ஈயத்தை ஏற்றினால் கட்டை எப்படித் திரும்பி வரும்? நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஒட்டிய அத்தனை ஈயத்தையும் அன்றே பிரித்தார். மறுநாள் முதல் பட்டறையிலிருந்து வந்து குளித்ததும், எண்பத்தெட்டுக் கட்டைகளையும் வரிசை எண் எழுதி வெளியே எடுத்து, ஒவ்வொரு ஊசியாகத் தேய்த்து மினுக்கினார், துணியைத் தளர்த்தினார். மறுபடி அளந்தபோது கட்டைகள் தாமாகவே ஐம்பத்தைந்துக்கு வந்திருந்தன. மீதியைக் குறைக்கச் சின்னத் துண்டு ஈயங்களே போதுமாக இருந்தன. செய்ததையெல்லாம் கலைத்து மறுபடி தொடங்க எனக்குப் பொறுமை கிடையாது. அவருடைய பொறுமையை முதல்முறையாக அன்றுதான் வாய்விட்டுப் பாராட்டினேன்.

வாசிக்க ஆரம்பித்தேன். முதலில் ஐந்து நிமிடம், பிறகு பத்து. மாதங்கள் போனதும் மணி பார்ப்பதை விட்டுவிட்டேன். ஞாயிறு காலைகளில் உழவர் சந்தைக்கு மட்டும் அவர் கூட வருவதை நிறுத்திவிட்டார். பியானோவைத் தூசி தட்ட வேண்டுமாம். பை தூக்க வலிக்கிற மனுஷன் என்று வாராவாரம் திட்டிவிட்டுப் போவேன்.

ஒருநாள் ஒரு மாணவியின் ரப்பர் கட்டைகளின் இடுக்கில் விழுந்துவிட்டது. மூடிப் பலகையை நானே கழற்றினேன். கட்டைகளின் மேல் டேப் ஒட்டியிருந்த தடம்தான் இருந்தது, ஒரு ஈயம்கூட இல்லை. எடைக்கற்களைத் தேடி எடுத்துச் சுண்டுவிரலுக்கு வரும் கட்டைகளில் வைத்துப் பார்த்தேன். எல்லாம் ஐம்பத்தைந்து.

அவர் வந்ததும் கோபமாகத்தான் கேட்டேன்.

"வாரத்துக்குக் கொஞ்சமா எடுத்துட்டு வந்தேன். கடைசித் துண்ட எடுத்தே ஒரு மாசமாச்சு. முன்னயே சொல்லியிருந்தா நீ பயந்துக்குவ அம்மணி."

"நான் கண்டுபிடிச்சிருந்தா என்னங்க பண்ணியிருப்பீங்க?"

"உனக்குக் கை கனத்திருந்தா மறுநாளே ஒட்டியிருப்பேன். நீதான் கேக்கவே இல்லையே."

அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே நோட்டைப் பார்த்தேன். ஒவ்வொரு ஞாயிறுக்கும் எடுத்த ஈயத்தின் எடை, பக்கத்தில் அந்த வாரம் நான் எத்தனை நிமிடம் வாசித்தேன் என்ற கணக்கு. நான் விட்டுவிட்ட மணியை அவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். கடைசி வரியில் ஈயம் என்ற இடத்தில் ஒன்றுமில்லை, நிமிடம் என்ற இடத்தில் எழுபது.

அடுத்த ஞாயிறு சந்தைப் பையை அவர் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு, நான் உட்கார்ந்து வாசித்தேன்.