லூர்து சோம்பேறியா?

லூர்து... டேய் லூர்து, அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். நீ சோம்பேறியா, இல்லையா?

பதில் வராது என்று தெரியும். நீ போய் நான்கு மாதம் ஆகிறது. ஆனாலும் போன செவ்வாய்க்கிழமையிலிருந்து, மாவு கரைக்கும்போதும் சட்னி தாளிக்கும்போதும் இந்தக் கேள்விதான் மண்டைக்குள் ஓடுகிறது.

வாசகர்களுக்கு... நான்கு மாதமாக இந்தப் பக்கத்தில் நான் இல்லை. ஏன் என்று சிலர் கேட்டு எழுதியிருந்தீர்கள். என் தம்பி லூர்து இறந்துவிட்டான். பைலட்டுக்குப் படித்துக்கொண்டிருந்தானே, அவன்தான். இருபத்திரண்டு வயது. பிளேனில் இல்லை. ஸ்கூட்டரில்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அரியூரில் மருத்துவக் கல்லூரிக்குப் போகிற ரோட்டில் டிபன் கடை வைத்திருப்பவள் நான். ஒன்பதாவதோடு நின்றவள். கடையில் நடப்பதை நடந்தபடி எழுதி அனுப்புவேன், பிழைகளை இங்கே திருத்திப் போடுவார்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் கரும்பு வெட்டியவர்கள். அந்த வீட்டிலிருந்து ஒருவன் பிளேன் ஓட்டப் போனான். எப்படிப் போனான், யார் யார் வாசலில் போய் நின்றோம் என்பதையெல்லாம் முன்பே எழுதிவிட்டேன். இப்போது அது வேண்டாம்.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

காலைக் கூட்டம் ஓய்ந்து பத்து மணி இருக்கும். ஒரு கார் வந்து நின்றது. இரண்டு பெரியவர்கள் இறங்கினார்கள். அறுபதைத் தாண்டியவர்கள்தான், ஆனால் முதுகு வளையாமல் நடந்தார்கள். ஒருவர் கையில் லூர்துவின் நீலப் பை.

பையைப் பார்த்ததும் எனக்குக் கையிலிருந்த கரண்டி கனத்தது.

"லூர்துவோட அக்கா நீதானாம்மா?" என்றார் பை வைத்திருந்தவர்.

அவர்தான் கேப்டன். லூர்துவுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுத்தவர். வெளிமாநிலத்தில் இருக்கும் அந்தப் பள்ளியில் தமிழ் தெரிந்த ஒரே வாத்தியார். கூட வந்தவர் அவருடைய பழைய நண்பர். அவரும் பிளேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர்தான், இப்போது பாண்டியில் இருக்கிறார்.

நான் என்ன செய்வேன்? உட்காரச் சொல்லி ஆளுக்கு நான்கு இட்லி வைத்தேன். எனக்குத் தெரிந்தது அதுதான்.

கேப்டன் லூர்துவைப் பற்றிச் சொல்வார் என்று பக்கத்திலேயே நின்றேன். அவர் சொல்லவில்லை. பொதுவாக, பைலட் ஆக வருகிற இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். வந்து இறங்கியதுமே 'இன்னும் எத்தனை மணி நேரம் பறக்கணும் சார், எப்போ வேலை கிடைக்கும் சார்' என்கிறார்களாம். இஞ்சினை அணைத்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்களாம். அவர் காலத்தில் பிளேனைத் துடைத்து, கொட்டகைக்குள் தள்ளிவிட்டுத்தான் சாப்பிடவே போவார்களாம். அடுத்தவன் பறப்பதைத் தரையில் நின்று அண்ணாந்து பார்த்தே பாதி வித்தையைக் கற்றுக்கொண்டார்களாம். இப்போது அண்ணாந்து பார்க்க யாருக்கு நேரம்? எல்லோரும் குனிந்து போனைத்தான் பார்க்கிறார்கள்.

நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். எனக்கும் அதே கட்சிதான். உழைப்பு என்றால் உடம்பு நோக வேண்டும். காய்ச்சல் வந்தாலும் கடையை மூடியதில்லை என்று பெருமையாக இந்தப் பக்கத்திலேயே எழுதியவள்தானே நான்?

நண்பர் சும்மா இருக்கவில்லை.

"நீ பிளேன் தொடச்ச, சரி. காய்ச்சலோட ஏறி உட்கார்ந்தியே, அதையும் சொல்லு."

"ஏறினேன். என்ன ஆச்சு? இறங்கிட்டேன்ல?"

"நீ இறங்கிட்ட. நம்ம செட்டுல இறங்காதவன் வந்து சொல்லவா போறான்?"

கேப்டன் இட்லியைப் பிட்டுப் பிட்டுச் சட்னியில் வைத்தார். வாயில் வைக்கவில்லை.

இங்கே லூர்துவின் பழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். பறப்பதற்கு முன்னால் பைலட் பிளேனைச் சுற்றி வந்து, இறக்கை, சக்கரம், பெட்ரோல் எல்லாம் சரியா என்று பார்ப்பார்களாம். அதே மாதிரி தன்னையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்க்கவேண்டும் என்று முதல் வாரமே வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்களாம். உடம்பு எப்படி? மாத்திரை போட்டிருக்கிறாயா? தூங்கினாயா? சாப்பிட்டாயா? மனசு எப்படி? இதில் ஒன்று சரியில்லை என்றாலும் ஏறக்கூடாது.

மற்ற பிள்ளைகள் அதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோனார்கள். நம் ஆள் ஒரு பாக்கெட் நோட்டு வாங்கி, தினமும் காலையில் எழுதினான்! அப்படி எழுதி, ஒரு வருஷத்தில் மூன்று முறை 'இன்னிக்கு பறக்கல சார்' என்று சொல்லியிருக்கிறான்.

மூன்று முறையும் கேப்டன் அவன் ரிப்போர்ட்டில் எழுதினாராம் — உழைப்பு போதாது.

போனில் அதைச் சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கடுத்த முறை அவன் சரியாகத் தூங்கவில்லை என்று சொன்னபோது, அவன் இறப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் அது, நான் கத்தினேன். அவன் அறைக்குப் பக்கத்தில் கல்யாண மண்டபம். இரண்டு நாளாக டிஜே. கண்ணே மூடவில்லை, நாளைக்குக் காலையில் பறக்கிற முறை, முடியாது என்று சொல்லப்போகிறேன் என்றான்.

"ஏண்டா, தூக்கம் வர்லன்னு ஒரு காரணமாடா? நா மூணு மணிக்கு எழுந்து மாவு ஊத்தறேன். காய்ச்சல்னு என்னிக்காவது கடைய மூடிகினு படுத்தனா?"

"இட்லி வேகலன்னா திரும்ப வேக வச்சிக்கலாம்கா. மேல போய்ட்டு நா இன்னா செய்யறது?"

"பேசாத. அந்த வாத்தியார் எழுதனது கரெக்டுதான். நீ சோம்பேறிதான். ஒழுங்கா போ நாளைக்கு."

"சரிக்கா" என்றான்.

அவ்வளவுதான். அவன் குரலில் நான் கேட்ட கடைசி வார்த்தை அது. மறுநாள் விடிகிற நேரத்தில், விமானத் தளத்துக்குப் போகிற வழியில், ஸ்கூட்டர் ரோட்டு நடுவில் இருந்த சுவரில் மோதியது. எதிரில் வண்டி இல்லை. மழை இல்லை. ஒரு நாய்கூடக் குறுக்கே ஓடவில்லை. தூங்கியிருக்கிறான்.

நான்கு மாதமாக எனக்கு ஒரே முடிவுதான். நான் போ என்றேன், அவன் பறக்கப் போனான். நான்தான் அனுப்பினேன். இதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

கேப்டன் தட்டை நகர்த்திவிட்டு நீலப் பையிலிருந்து அந்தப் பாக்கெட் நோட்டை எடுத்தார். லூர்துவின் சட்டைப் பையில் இருந்ததாம். கடைசிப் பக்கத்தைத் திறந்து என்னிடம் நீட்டினார். லூர்துவின் கோழிக் கிறுக்கல்தான்.

உடம்பு — ஓகே.
மாத்திரை — இல்ல.
சாப்பாடு — டீ, பன்னு.
மனசு — அக்கா திட்டுச்சி. பரவால்ல.
தூக்கம் — ரெண்டு நாளா இல்ல.
முடிவு — இன்னிக்கு பறக்கல. நேர்ல போய் சொல்லணும்.

இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை எழுத்துகள் தெரியவில்லை.

அவன் என் பேச்சைக் கேட்கவே இல்லை! சின்ன வயதிலிருந்து சொன்ன பேச்சைக் கேட்காததற்காக அவனை எத்தனை அடி அடித்திருப்பேன்... அன்றைக்குத்தான் அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம். அடுத்த நிமிஷம் கேட்டேன்.

"பறக்கலன்னு முடிவு பண்ணிட்டான்ல சார். அப்புறம் எதுக்கு வண்டி எடுத்தான்?"

கேப்டன் கீழே பார்த்தபடியே சொன்னார். ஒரு நாள் மூன்று பையன்கள் உடம்பு சரியில்லை என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு, சாயங்காலம் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்களாம். அன்றைக்கே இவர் ஒரு ரூல் போட்டார். முடியவில்லை என்றால் மெசேஜ் கூடாது, போன் கூடாது. நேரில் வந்து, முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். நேரில் வருகிற கஷ்டத்துக்குப் பயந்தாவது பொய் சொல்லமாட்டார்கள் என்று நினைத்தாராம்.

"பொய் சொல்றவன் எவனும் வரலம்மா. அவங்க காய்ச்சல் மாத்திரையப் போட்டுக்கிட்டுப் பறந்துட்டாங்க. இவன்தான் நேர்ல வந்து சொல்லுவான். நாலாவது தடவையும் சொல்லத்தான் வந்திருக்கான். நான்தான் வரச் சொன்னேன்."

"நானுந்தான் சார். போடான்னேன்."

இட்லிப் பானை உஸ்ஸென்றது. நண்பர் எழுந்து போய்த் தானே அடுப்பைக் குறைத்தார்.

இப்போது சொல்லுங்கள். பறக்கமாட்டேன் என்று சொல்வதற்காக, தூக்கமில்லாமல், விடிவதற்கு முன்னால் பதினைந்து கிலோமீட்டர் ஸ்கூட்டரில் போனவன் சோம்பேறியா? உழைப்பாளியா? இல்லை, மடையனா? பிளேனில் ஏற அத்தனை கேள்வி கேட்டுக்கொண்டவன், ஸ்கூட்டரில் ஏற ஒரு கேள்விகூடக் கேட்டுக்கொள்ளவில்லையே! அவனை மட்டும் சொல்வானேன்... நாம் யார்தான் கேட்டுக்கொள்கிறோம்? ஸ்கூட்டரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு ஏறுகிற ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பார்த்தால் சிரித்திருப்போம்.

எனக்குப் புரியவில்லை. கேப்டனுக்கும் புரியவில்லை. அவர் ரூலை எடுத்துவிட்டாராம். எடுத்ததும் நிறைய மெசேஜ் வருகிறதாம். எது உண்மை, எது கிரிக்கெட் என்று தெரியாமல், எல்லாவற்றுக்கும் 'ரெஸ்ட் எடு' என்று பதில் போடுகிறாராம். இது சரியா என்று அவர் நண்பரைக் கேட்டார். நண்பர் உதட்டைப் பிதுக்கினார். முப்பது நாற்பது வருஷம் ஆகாயத்தில் இருந்தவர்களுக்கே தெரியவில்லை. தரையில் இட்லி அவிக்கிற எனக்கு எங்கே தெரியப் போகிறது?

கிளம்பும்போது கேப்டன் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் வந்தது இதைக் கேட்கத்தான் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

"என்னப் பத்தி ஏதாவது சொல்லியிருக்கானாம்மா?"

சொல்லியிருக்கிறான். நிறைய. பாதியை இங்கே அச்சில் போடமுடியாது. ஆனால் ஒன்று நிஜமாகவே சொன்னான். அதைச் சொன்னேன்.

"'அந்தாளு பிளேன எறக்கறத நீ பாக்கணும்கா, தூங்கற கொழந்தைய பாயில கெடத்தற மாரி எறக்குவாரு'ன்னான் சார்."

அவர் காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். நண்பர்தான் ஓட்டினார். அதைக் கவனித்தேன். வரும்போது ஓட்டியவர் கேப்டன்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை.

வெள்ளிக்கிழமை எனக்குக் காய்ச்சல். மூன்று மணிக்கு எழுந்தேன், கால் நிற்கவில்லை. பழக்கதோஷம்... மாவுப் பாத்திரத்தைத் தூக்கிவிட்டேன். அப்போது மேஜைமேல் அந்த நோட்டு. அவன் எழுதாத பக்கங்கள் நிறைய இருந்தன. பேனாவை எடுத்தேன்.

உடம்பு — சுடுது. தூக்கம் — நாலு மாசமா சரியில்ல. மனசு —

மனசுக்கு நேரே என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கோடு போட்டு விட்டுவிட்டேன். முடிவு — இன்னிக்கு கடை இல்ல. பாத்திரத்தைத் திரும்ப ஃபிரிட்ஜில் வைத்தேன். காய்ச்சலுக்காகக் கடையை மூடியது ஆறு வருஷத்தில் இதுதான் முதல் முறை.

ஏழு மணிக்குப் போன் அடித்தது. தினமும் என் கடையில் சாப்பிடுகிற ஆம்புலன்ஸ் டிரைவர்.

"இன்னாக்கா, கடை மூடிகீது? சோம்பலா?"

ஆமாம் என்றேன். உடனே இல்லை என்றேன். பிறகு எனக்கே தெரியவில்லை தம்பி என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். படுத்தும் தூக்கம் வரவில்லை. யாரோ என்னைச் சோம்பேறி என்று எங்கோ ரிப்போர்ட்டில் எழுதிக்கொண்டிருப்பது மாதிரியே இருந்தது. லூர்துவுக்கும் அப்படித்தான் இருந்திருக்குமோ? மூன்று முறையும்?

இதைப் படிக்கிறவர்கள் என் தம்பி லூர்துவுக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள். மாதா கோயிலிலோ மாரியம்மன் கோயிலிலோ, உங்களுக்குப் பழக்கமான இடத்தில். அப்படியே அந்தக் கேப்டனுக்கும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள். நடுவில் தூக்கம் வந்தால் தூங்கிவிட்டு, காலையில் வேண்டிக்கொள்ளுங்கள்... லூர்து ஒன்றும் சொல்லமாட்டான்.