கையெழுத்துப் போட மறுத்தவர்

எழுபதுகளின் தொடக்கத்தில், பொன்னேரிக்குப் பக்கத்திலுள்ள ஆரணியில் வீடு கட்டியபோது நான் செய்த தவறு இது. சுவர் எழுப்பிய மேஸ்திரியே ஒயரிங்கும் செய்துவிடுவதாகச் சொன்னார். ஒரே ஆளிடம் எல்லா வேலையும் முடிகிறதே என்று சம்மதித்தேன். குடிவந்த பிறகு மின் இணைப்பு கேட்டுப் போனால், லைசென்ஸ் உள்ள ஒயர்மேன் கையெழுத்திட்ட படிவம் வேண்டும் என்றார்கள் மின்வாரியத்தில்.

பொன்னேரியிலிருந்து தேவராஜ் என்ற ஒயர்மேனை அழைத்து வந்து படிவத்தை நீட்டினேன். அவர் அதை வாங்காமல், கையால் சுற்றும் சோதனைக் கருவியை வெளியே எடுத்தார்.

"ஒரு கையெழுத்துக்கு இன்னாத்துக்குபா இவ்ளோ பேஜாரு?" என்று எரிந்து விழுந்தேன்.

அவர் கருவியின் ஒரு முனையை ஒயரிலும் மறுமுனையைச் சமையலறை ஜன்னல் கம்பியிலும் வைத்துச் சுற்றினார். முள் பூஜ்யத்தில் போய் நின்றது. ஒயர் போகும் வழியைப் பார்த்துக்கொண்டே வந்து ஜன்னல் ஓரத்தில் நின்றார்.

"மேஸ்திரி அடிச்ச ஆணி ஒயர கிழிச்சிக்கினு கம்பில முட்டுது சார். கரண்டு வந்தப்புறம் இத்த புடிக்கிறவங்க கதி இன்னா ஆவறது? நான் கையெழுத்து போட மாட்டேன்."

அந்தக் கம்பியைப் பிடித்தபடிதான் என் மனைவி தினமும் பக்கத்து வீட்டாரோடு பேசுவாள்.

"எல்லாத்தியும் பிரிச்சிடுங்க. நீங்களே புதுசா போட்டுக் குடுங்க" என்றேன்.

நான்கு நாள் வேலை. அறை அறையாக மறுபடி சோதித்த பிறகே அவர் கையெழுத்துப் போட்டார்.

அதன்பின் எங்கள் தெருவில் மின்சாரம் வாங்கிய ஐந்து வீடுகளுக்கும் நானே அவரை அழைத்துப் போனேன். "எனக்கே கையெழுத்து போட மாட்டேன்னு சொன்ன மனுசன் இவரு" என்று ஒவ்வொரு வாசலிலும் அறிமுகம் செய்தபோது, அதைவிடப் பெரிய சான்று வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.