ஸ்பானருக்கு ஆறு வாரம் ஓய்வு

இடது கையால் என் வாசல் கேட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார் பக்கத்து வீட்டுக்காரர்; எங்கள் குடியிருப்பில் அவருக்குப் பட்டப்பெயர் ஸ்பானர். வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. எண்ணெய் விடச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

பாட்டில் மூடி செய்யும் ஆலையில் அவர் ஃபிட்டர். மெஷின் பெல்ட் இழுத்து மணிக்கட்டு முறிந்தது. ‘வீட்டில் வழுக்கி விழுந்தேன்’ என்று எழுதித் தரச் சொல்லிக் கெஞ்சியும் மிரட்டியும் பார்த்தார் மேனேஜர். “நடந்தத நடந்த மாதிரிதான் எழுதுவேன்” என்று ஒற்றைக்காலில் நின்றார் ஸ்பானர். அதனால்தான் தொழிலாளர் காப்பீட்டு அலுவலகம் ஆறு வாரத்துக்குச் சம்பளத்தில் பெரும்பகுதியைத் தருகிறது. அதுவரை அவரை வேலையைவிட்டு நீக்கவும் முடியாது. ஒரே நிபந்தனை, எந்த வேலையும் செய்யக்கூடாது. அதுதான் மனிதருக்கு முடியவில்லை.

கால் ஓரிடத்தில் தரிக்காது. மாடிக்கும் தெருவுக்கும் நடையாய் நடப்பார். எங்கள் குடியிருப்பில் சொட்டுகிற குழாய் இப்போது ஒன்றுகூட இல்லை. “சும்மா இருக்க ஒரு மெஷின் இருந்தா குடுங்க சார், அதையாவது ரிப்பேர் பண்ணிட்டு இருக்கேன்” என்பார்.

தையல் கம்பெனிக்குப் போகும் அவர் மனைவி என்னிடம் புலம்புவார். “யாராவது போட்டுக் குடுத்து அந்தக் காசு நின்னா, வாடகைக்கு நான் எங்க போவேன்?”

செவ்வாயன்று ஆலைக் கூட்டாளி போன் செய்தார். நான்காம் மெஷின் நின்றுவிட்டதாம். ஆலைக்குப் போன ஸ்பானர் ஒரு மணி நேரம் கழித்து விசிலடித்துக்கொண்டே வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“எடது கையால ரெண்டு போல்ட் முடுக்குனேன். அது ஒரு வேலையா சார்?”

வெள்ளிக்கிழமை காப்பீட்டு அலுவலகத்துக்கு நானும் போனேன். அவரால் எழுத முடியாததால் வாராந்தரப் படிவத்தை நிரப்புவது நான்தான். ‘இந்த வாரம் ஏதேனும் வேலை செய்தீர்களா?’ அவர் மனைவியை நினைத்துக்கொண்டு, அவரைக் கேட்காமலே ‘இல்லை’ என்று எழுதினேன்.

“எடது கட்டைவிரல் வைங்கண்ணா” என்று மைப்பெட்டியை நகர்த்தினார் கவுன்டர் பெண்.

நீட்டிய விரலின் நக இடுக்கில் கிரீஸ் கறுத்திருந்தது. ஸ்பானர் அதைப் பார்த்தார். அதுவரை தரையைத் தட்டிக்கொண்டிருந்த கால் நின்றது.

“என்ன எழுதிருக்கீங்க சார்?”

தணிந்த குரலில் வாசித்துக் காட்டினேன். என் பேனாவை இடது கையால் வாங்கி, அந்த ‘இல்லை’யின் மேல் கோணலாக ஒரு கோடு இழுத்தார்.