எழுத்துப்பிழை உள்ள டம்ளர்

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஜூன் மாதம் பள்ளி திறந்த இரண்டாவது வாரத்தில் நடந்தது இது. திருப்பரங்குன்றத்தை ஒட்டிய ஒரு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். தல்லாகுளத்திலிருந்து தினமும் வண்டியில் போய் வருவேன். எனக்கு வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம். வகுப்பில் ஏதாவது நக்கலாகச் சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்துவிட்டால், அன்று பாடம் நன்றாக நடத்திவிட்டதாக நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்புக்குத்தான் அடி விழுந்தது.

ஒன்பதாம் வகுப்புக்கு உலக வரலாறு ஆரம்பிக்கிற நேரம். மெசபடோமியா, எகிப்து, சீனா என்று பெயர்களைச் சொன்னாலே பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அதனால் புத்தகத்தைத் திறக்காமல், உங்கள் வீட்டில் இருக்கிறதிலேயே பழைய பொருள் ஒன்றை நாளைக்குக் கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அதில் எழுத்து ஏதாவது இருந்தால் இன்னும் நல்லது என்றேன். மறுநாள் மேஜை நிறைந்துவிட்டது. ஓட்டைக் காலணா, பித்தளைக் கும்பா, பாக்குவெட்டி, ஒருத்தி உருது எழுத்து பொறித்த வெற்றிலைப் பெட்டிகூடக் கொண்டுவந்திருந்தாள். எனக்கு ஒரே குஷி.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் தயங்கித் தயங்கி எழுந்து வந்தாள். அந்த வருடம்தான் புதிதாக எங்கள் பள்ளியில் சேர்ந்தவள், அதிகம் பேசமாட்டாள். கைக்குட்டையில் சுற்றி ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்து வைத்தாள். எந்த வீட்டிலும் இருக்கும் சாதாரண டம்ளர். பதினைந்து வருடத்துக்கு மேல் இருக்காது. நம் வீடுகளில் வழக்கமாகச் செய்கிற மாதிரி அதன் வாய்க்குக் கீழே ஒரு பெயர் வெட்டியிருந்தது. பெண் பெயர். அதிலும் ஒரு எழுத்துக்குக் கால் போட மறந்திருந்தார்கள்.

"என்னம்மா இது, போன தீபாவளிக்கு வாங்குனதா? இதுல எழுத்துப்பிழை வேற! நாலாயிரம் வருசத்துக்கு முந்தி களிமண்ணுல எழுதுனவன்கூட ஒழுங்கா எழுதியிருப்பான்" என்றேன்.

வகுப்பே கொல்லென்று சிரித்தது. அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். சிரிப்புச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை, கேட்கவேண்டும் என்றும் தோன்றவில்லை. வராண்டாவில் இருந்த தண்ணீர் டிரம்முக்கு டம்ளர் இல்லாமல் பிள்ளைகள் கையில் ஏந்திக் குடிப்பது அப்போது ஞாபகம் வந்தது. "சரி, கொண்டுபோய் டிரம்மு மேல வை. உபயோகமாவது ஆகட்டும்" என்றேன். அவள் மறுபேச்சுப் பேசாமல் போய் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். நான் காலணாவைக் கையில் எடுத்துக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்தேன்.

அதன்பிறகு அந்த டம்ளரை நான் மறந்தே போனேன். பிள்ளைகள் அதில்தான் தண்ணீர் குடித்தார்கள். ஒருநாள் தொண்டை கட்டியிருந்தபோது நானே அதில் இரண்டு மடக்குக் குடித்திருக்கிறேன். ஆகஸ்டு மாதம் பள்ளிக்குப் புது வாட்டர் ஃபில்டர் வந்தது. வெடித்துப்போன பழைய டிரம்மை என்ன செய்வது என்று வாட்ச்மேன் அண்ணன் என்னிடம்தான் கேட்டார். உடைந்த பெஞ்சுக் கம்பிகளோடு சேர்த்து எல்லாவற்றையும் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடுங்கள் என்றேன்.

அடுத்த வாரம் மாதத் தேர்வு. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். எழுத்து கண்டுபிடிக்கப்பட்டதால் மனிதனுக்கு என்ன பயன் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தேன். எல்லோரும் நான் போர்டில் எழுதிப்போட்டதையே எழுதியிருந்தார்கள். அந்தக் கடைசி பெஞ்சுப் பெண்ணின் பேப்பரிலும் முதல் வரியைப் பார்த்துவிட்டு டிக் போட்டேன். அடுத்த வரியில் பேனா நின்றுவிட்டது.

‘எழுத்து இருந்தால் ஒரு பொருள் யாருடையது என்று தெரியும். எங்கள் அம்மாவின் பெயர் வெட்டிய டம்ளர் ஒன்று இருந்தது. அது வகுப்புக்குத் தேவைப்பட்டது. இப்போது எங்கள் வீட்டில் அம்மா பெயர் எதிலும் இல்லை.’

அவ்வளவுதான் எழுதியிருந்தாள். என்மேல் ஒரு குறைகூடச் சொல்லவில்லை. அதைப் படித்துவிட்டு நான் அழுதேன் என்று சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை.

மறுநாள் சனிக்கிழமை. வாட்ச்மேன் அண்ணனுக்குப் போன் போட்டேன். டிரம்மோடு டம்ளரும் போயிருந்தது. கடையை விசாரித்துக்கொண்டு காலையிலேயே ஆரப்பாளையம் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது கடை. கடைக்கார பாய் விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். "எவர்சில்வரு பூராம் இந்தப் பக்கம்தாம்மா கெடக்கு. புதன்கிழமை ஒரு லோடு உருக்கப் போயிருச்சு. மிச்சத்துல இன்ஷா அல்லா இருக்கும், எம்புட்டு நேரம் வேணாலும் தேடுங்க" என்றார்.

இடுப்பு உயரத்துக்குக் குவிந்து கிடந்தன பாத்திரங்கள். சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். மாமன் சீர், காதுகுத்து அன்பளிப்பு, இன்னார் நினைவாக இன்னார் என்று என்னென்னவோ எழுதியிருந்தது. அத்தனை பேரும் ஒரு காலத்தில் யாருடைய அடுப்படியிலோ இருந்தவர்கள். இருபது வருடமாக அகழாய்வு, அகழாய்வு என்று பாடம் நடத்தியவள், வாழ்க்கையில் முதல்முறையாக அன்றுதான் தோண்டினேன். பாயும் தன் வேலையைப் போட்டுவிட்டு என்னோடு உட்கார்ந்து தேடினார். மத்தியானம் வரை தேடியும் கால் விட்டுப்போன அந்தப் பெயர் மட்டும் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை அவளைத் தனியாகக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் அதிர்ச்சியடையவில்லை. டிரம் போன அன்றே டம்ளரும் போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அப்போதுதான் கொஞ்சம் பேசினாள். அம்மா இறந்து ஒன்றரை வருடமாம். அப்பா லோடு வண்டி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் வெளியூர். அதனால் மகளை அத்தை வீட்டில் கொண்டுவந்து விட்டிருக்கிறார். இரண்டு வீட்டுப் பாத்திரத்தையும் வைக்க இடமில்லாமல் அத்தை, இவள் அம்மாவின் பாத்திரங்களைப் பழைய விலைக்குப் போட்டுவிட்டுக் குக்கர் வாங்கியிருக்கிறாள். இவள் பள்ளிக்கூடப் பையில் கிடந்ததால் அந்த ஒரு டம்ளர் தப்பியிருக்கிறது.

"ரேசன் கார்டுலயும் அம்மா பேர எடுத்துட்டாங்க டீச்சர். எங்கிட்ட பழசுன்னு அது ஒண்ணுதான் இருந்துச்சு" என்றாள்.

இவ்வளவு இருந்தும் ஏன் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, யாரும் கேட்டிருக்கமாட்டார்களே என்றேன். அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"நீங்கதான டீச்சர் வைக்கச் சொன்னீங்க."

தினமும் இன்டர்வெல்லில் வரிசையில் நின்று, தன் முறை வரும்போது அந்த டம்ளரில் ஒரு வாய் குடித்துவிட்டுப் போவாளாம். அதையும் அவளே சொன்னாள்.

அந்த வாரமே அவள் அத்தையிடம் சொல்லிவிட்டு அந்தப் பெண்ணைப் பாத்திரக் கடைக்குக் கூட்டிப்போனேன். அதே மாதிரி ஒரு டம்ளர் வாங்கி, பெயர் வெட்டுகிறவரிடம் கொடுத்தோம். அவள் ஒரு தாளில் பெயரை எழுதி நீட்டினாள். அவர் பார்த்துவிட்டு, "பாப்பா, இந்த எழுத்துக்குக் கால் வரும்லம்மா" என்றார். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்படியே வெட்டுங்கண்ணே, அதான் சரி" என்றேன்.

அவள் டம்ளரை வாங்கிப் பெயரின் மேல் கட்டைவிரலை வைத்துத் தடவிப் பார்த்தாள். "எழுத்து வேற மாதிரி இருக்கு டீச்சர்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னாள். பஸ் ஸ்டாப் வரை கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தவள், பஸ் வந்ததும் அதை என்னிடமே கொடுத்துவிட்டாள். "இது ஃபில்டர்கிட்டயே இருக்கட்டும் டீச்சர். பிள்ளைக தண்ணி குடிக்கும்ல."

பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு அவள் போய்விட்டாள். டம்ளர் இன்னும் ஃபில்டர் பக்கத்தில்தான் இருக்கிறது. சாயங்காலம் அதை நானே கழுவி என் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவேன்.

ஒவ்வொரு ஜூன் மாதமும் அந்தப் பாடத்தை ஆரம்பிக்கும்போது பிள்ளைகளைப் பொருள் கொண்டுவரச் சொல்கிறேன். யார் எதை நீட்டினாலும், எந்தக் காலத்துப் பொருள் என்று பார்ப்பதற்கு முன்னால் "இது யாருதும்மா?" என்று கேட்டுவிட்டு, அந்தப் பிள்ளை பதில் சொல்லி முடிக்கிறவரைக்கும் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். அன்று வாயெடுத்தவளையும் இப்படி ஒரு நிமிடம் பேசவிட்டிருந்தால், அவள் அம்மாவின் பெயர் அவள் பையிலேயே இருந்திருக்கும்.